மொறிஸ் மைனருக்கு எட்டு அங்குல பிரேக்: ஒருவழியாகப் பெடல் மேலே நின்றது

பிரேக் பெடல் இப்போது பாதி தூரத்துக்கு முன்னாலேயே கல்லு மாதிரி நிற்கிறது. அழுத்திப் பிடித்தபடி இருந்தாலும் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மைனர் என்ற இந்தப் பழைய இங்கிலாந்துக் காரை வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் கார் 948 சிசி மைனர் 1000. அப்பா வாங்கியது. முன்னும் பின்னும் ஏழு அங்குல டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை, ஷூ என்ற வளைந்த கட்டைகள் உள்ளிருந்து விரிந்து பிடித்து நிறுத்தும். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோதுதான் கம்பனிக்காரன் முன்பக்கத்தை எட்டு அங்குலமாக்கினான். அந்த எட்டு அங்குல பாக் பிளேட்டை, அதாவது ஷூ பூட்டியிருக்கும் பின்தட்டை, அப்படியே கழற்றி 948இல் பூட்டலாம். 14 அங்குல றிம்முக்குள் இடைஞ்சல் இல்லாமல் நிற்கும். டிஸ்க் பிரேக் போடலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். போடலாம். ஆனால் சேர்வோ (கால் அழுத்தத்துக்கு உதவும் கருவி) இல்லாத காரில் டிஸ்க் என்றால் பெடலை ஏறி மிதிக்கவேண்டும். பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் டிரம் பிரேக்குக்காக வைத்திருக்கும் வால்வையும் எடுக்கவேண்டும். இங்கிலாந்துக் கிற் விலையோடு வரியையும் கூட்டிப் பார்த்தால் அந்தக் காசுக்கு எஞ்சினையே திறந்து செய்துவிடலாம். யாழ்ப்பாணத்துத் தட்டைத் தரைக்கு நல்ல நிலையில் இருக்கும் எட்டு அங்குல டிரம் தாராளம் என்பது என் முடிவு.

பாக் பிளேட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழித்த கார் ஒன்றிலிருந்து வந்தது. கடைக்காரர் முதலில் அனுப்பியது இரண்டுமே இடது பக்கம். முன் பிரேக்கில் இரண்டு ஷூவும் முன்னணி ஷூ. ஒவ்வொன்றையும் தள்ளத் தனி வீல் சிலிண்டர். முன்னோக்கி ஓடும்போது டிரம் சுற்றும் திசைக்கே சிலிண்டர் ஷூவைத் தள்ளவேண்டும், அப்போதுதான் டிரம்மே ஷூவை உள்ளே இழுத்து இறுக்கும். பக்கம் மாறினால் டிரம் ஷூவைத் திருப்பித் தள்ளும், பிரேக் பாதிகூடப் பிடிக்காது. இதைப் படம் எடுத்து அனுப்பி விளக்கியும் அவர் "எல்லாம் ஒண்டுதான் தம்பி, பூட்டிப் பாருங்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக் சாமான் விற்கும் ஒருவர் அப்படிச் சொல்லலாமா? வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன்பே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பமாக இருக்கவேண்டும்.

டிரம் இரண்டையும் லேத்தில் மெல்லிசாகச் சீவி எடுத்தோம். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், புதிது. டிரம்முக்குள் சோக் பூசி, ஷூவை வைத்து அசைத்து, வெள்ளை படும் மேட்டை மட்டும் தேய்த்து எடுத்தால் வளைவு பொருந்திவிடும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், ஆகவே எயார் அடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கட்டி எறியுங்கள். ஹப், பேரிங் வேலை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

மாஸ்டர் சிலிண்டருக்கு வருவோம். முன்பக்கம் புதிதாக்கியும் பழைய நோய் அப்படியே இருந்தது. காலை வைத்துக்கொண்டே இருந்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்கும். வெளியே எங்கும் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அப்படியென்றால் உள்ளே றப்பரைத் தாண்டி ஒயில் பின்னுக்குப் போகிறது என்று அர்த்தம். சிலிண்டரைக் கழற்றியே ஆகவேண்டும்.

அது எங்கே இருக்கிறது என்று மைனர்காரருக்குத் தெரியும். சாரதியின் காலுக்குக் கீழே, செசியின் நீளப் பெட்டிக்குள். காபெற்றைத் தூக்கி, தரையின் மூடித்தகட்டைக் கழற்றினால் மேலிருந்து தெரியும். ஒயில் விடும் மூடியும் அங்கேதான். செருப்பு மண்ணெல்லாம் அதைச் சுற்றித்தான் குவிந்து கிடக்கும், அதனால் மூடியைத் திறக்கும் முன் தூரிகையால் கூட்டி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சிலிண்டரைப் பிடித்திருப்பது இரண்டு நீட்டுப் போல்ட். பெட்டியைக் குறுக்காகத் துளைத்துப் போகும். நட்டைக் கழற்றுவது பெரிய காரியமில்லை. போல்ட்டை உருவும்போதுதான் வில்லங்கம்: பாதி வந்ததும் டோர்ஷன் பாரில் (முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பி) தலை முட்டி நின்றுவிடும்.

இந்த இடத்தில் பலர் போல்ட்டை அறுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அரம்பத்தை ஓட்ட அங்கே இடமும் இல்லை, இரும்புத்தூள் விழுவது பிரேக் ஒயில் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில். டோர்ஷன் பாரை முழுதாகக் கழற்றினால் பிறகு முன்பக்கத்தின் உயரத்தை முதலிலிருந்து அமைக்கவேண்டும். மூன்றாவது வழி, கம்பியை நெம்பிக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து, அந்த இடைவெளியால் போல்ட்டை உருவுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெம்ப, மற்றவர் உருவ.

அங்கேதான் தங்கச்சி வந்தாள். பெடல் அமத்துவதற்கு மட்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். காரை ஸ்டாண்டில் நன்றாக ஏற்றி, சக்கரத்தைத் தொங்கவிட்டோம். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது. வீட்டில் கிணற்றடியில் கிடந்த சின்ன அலவாங்கை எடுத்து, செசிக்கும் கம்பிக்கும் நடுவே பலகைத்துண்டு வைத்து நெம்பினேன். கம்பியின் மேல் தோலில் கீறல் விழக்கூடாது, பலகை அதற்குத்தான். முறுக்கில் வேலை செய்யும் கம்பியில் கீறல் விழுந்தால் பின்னாளில் அந்த இடத்திலிருந்தே வெடிப்பு தொடங்கும். கம்பி ஒரு விரல்கூட அசையவில்லை. ஆனால் தேவைப்பட்டது அதைவிடக் குறைவு.

"அண்ணா, இன்னும் கொஞ்சம்… தலை தட்டுது."

"இப்ப?"

"நில்லுங்கோ, நில்லுங்கோ. விடாதீங்கோ."

என் கை அந்த இடுக்கில் முழங்கைக்கு மேல் போகாது. அவளுடைய மெல்லிய கை போனது. போல்ட்டைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நூல் இழுத்து, தலையைக் கம்பியின் வளைவில் உரசியபடியே எடுத்துவிட்டாள். முதல் நாளே துருநீக்கி அடித்து ஊறவிட்டது நன்றாக உதவியது. இரண்டாவது போல்ட் அதைவிடச் சுலபமாக வந்தது. பூட்டும்போது இரண்டையும் மறுபக்கத்திலிருந்து செருகி, நட் இந்தப் பக்கம் வருமாறு வைத்தோம். இனி எப்போது கழற்றினாலும் டோர்ஷன் பாரைத் தொடவேண்டியதில்லை. மைனர் வைத்திருக்கும் எல்லாரும் ஒருமுறை கழற்றும்போதே இதைச் செய்துவிடவேண்டும்.

கழற்றிய சிலிண்டருக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், பிஸ்டன் ஓடும் இடத்தில் ஊசி குத்தியதுபோலப் புள்ளிப் புள்ளியாகத் துரு. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். புது றப்பர் போட்டாலும் அந்தத் துருவில் உரசிக் கிழிந்துவிடும். துருப்பிடிக்காத உருக்கில் சிலீவ் (உள்ளே இறுக்கிப் போடும் குழாய்) அடித்துத் தரும் ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள். றப்பர் செட்டை லண்டனிலிருந்து வந்த மச்சான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உலகத்தில் மைனருக்கு இன்றும் பிரேக் சாமான் புதிதாகக் கிடைக்கிறது என்பதே ஒரு கொடுப்பினை. 1990களில் இலங்கையிலேயே மைனருக்குத் தகரப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தொழில் வளர்ந்திருந்தால் இன்று பெட்டிக்குள் கொண்டுவரவேண்டிய தேவை இருந்திருக்காது.

ஸ்பனரைப் பற்றி ஒன்று. பைப் நட் 7/16 அங்குலம், அதாவது 11.1 மில்லிமீட்டர். 11 சில நட்டில் போகும், சிலதில் போகாது. 12ஐ மட்டும் போடாதீர்கள், முனை உருண்டுவிடும். பைப்புக்கென்றே இருக்கும், வாய் ஒரு பக்கம் வெட்டிய வளைய ஸ்பனர் ஒன்று வாங்கினேன். இந்த வேலை முழுவதிலும் செலவழித்த காசில் அதுதான் மிக உருப்படியான செலவு.

அப்புறம் எயார் எடுப்பது, அதாவது பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. நாலு சக்கரத்துக்கும் ஒற்றை ஒயில் லைன் என்பதால் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. தொடங்கும் முன், ஷூவை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுவரும் எல்லா அட்ஜஸ்டரையும் டிரம் இறுகும்வரை முறுக்கிவிட்டேன். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்னால் ஒவ்வொன்று. பிஸ்டன் குறைவாக ஓடும், எயார் வேகமாக வெளியேறும். விட்டது டொட் 4 என்ற தரத்துப் பிரேக் ஒயில். புதிதாக இருக்கும்போது அது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். மைனரின் சிலிண்டர் கொள்ளும் ஒயில் கொஞ்சம்தான், காற்று வெளியேறும் நிப்பிளை நாலைந்து முறை திறந்ததும் மேலே பார்த்து நிரப்பவேண்டும். காலும் நிப்பிளும் ஒத்துப்போவதில்தான் எல்லாமே இருக்கிறது. "அமத்து" என்றால் அமத்தி, "அமத்திட்டன்" என்று சொல்லவேண்டும். நான் திறந்து, குமிழி போய், மூடி, "விடு" என்ற பிறகுதான் கால் மேலே வரவேண்டும். தங்கச்சி ஒருமுறைகூட முந்தவில்லை. பெரிய கராஜில் பழகின பெடியனுக்கும் அந்தப் பொறுமை வராது.

முடிந்ததும் அட்ஜஸ்டரை ஒவ்வொரு சொடுக்குப் பின்னுக்கு எடுத்தோம். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருக்கிறதா என்று விரலால் பெடலை ஆட்டிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒயில் திரும்பிப் போக வழியிருக்காது, பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு சூடாகும்.

வல்லைவெளியில் விடியக்காலை ஓட்டிப் பார்த்தோம். நேர்வீதி, இரண்டு பக்கமும் வெளி, மாடு வந்தாலும் தூரத்திலேயே தெரியும். அறுபதிலிருந்து இருபதுக்குக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி. முதலில் இடது பக்கம் கொஞ்சம் இழுத்தது. லைனிங் படியப் படிய நேரானது. அப்பா பின்சீற்றில் இருந்தார். யுத்தகாலப் பொருளாதாரத் தடை நாட்களில் இதே காரைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியவர் அவர். நிற்கும் தூரத்தைப் பார்த்துவிட்டு, "இனி உன்ர அம்மாவையும் ஏத்தலாம்" என்றார்.

மிச்சம் இருப்பது: ஹாண்ட்பிரேக் கேபிள் இன்னும் தளர்வு. பின் லைனிங்கும் மாற்றவேண்டும். ஒற்றை லைனில் ஒரு பைப் வெடித்தால் கைக்கு மிஞ்சுவது ஹாண்ட்பிரேக் மட்டும்தான், அதனால் அதற்கே முதலிடம். அடுத்தது, பொனற்றுக்குக் கீழே தனி ஒயில் போத்தல் வைத்து, சிலிண்டருக்குக் குழாய் இழுப்பது. காபெற்றைத் தூக்கும் தொல்லை ஒழியும், ஒயில் குறைவதும் கண்ணில் படும். மூடிக்குப் பொருந்தும் பித்தளை இணைப்பை நெல்லியடியில் ஒரு லேத்காரர் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது முடிந்தால் ஏ9 வீதியால் கண்டிக்குப் பயணம். மாத்தளை தாண்டிய மலைப்பாதையில் டிரம் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். தங்கச்சி இப்போதே லீவு கேட்டுவிட்டாள்.