கொட்டப்பட்டு முகாமிலிருந்து பி.காம் வரை

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தவள் நான். அம்மாவும் அப்பாவும் 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். பிளஸ் டூவில் அண்ணன் என்னைவிட நல்ல மார்க். காலேஜில் கட்டப் பணமில்லாமல் அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டான். 2021-இல் என் முறை வந்தது.

எங்கள் காமர்ஸ் டீச்சர் திருவையாற்றிலிருக்கும் தன் சித்தப்பாவிடம் என்னைப் பற்றிச் சொன்னார். ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய ஆறரை ஏக்கர், நிலம் வைத்திருக்கும் விவசாயி. "குறுவை அறுத்ததும் ஒரு தவணை, சம்பா அறுத்ததும் ஒண்ணு. சரியாம்மா?" என்றார்.

பணத்துக்கு வழி பிறந்த பிறகுதான் உண்மையான அலைச்சல். கல்லூரியில் கிளார்க் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். சாதிச் சான்றிதழ் இல்லை, இருப்பிடச் சான்றிதழ் இல்லை. நான் பிறந்ததே திருச்சி ஆஸ்பத்திரியில். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அம்மா அப்பாவில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. என்னிடம் இருந்தது அகதி அடையாள அட்டை மட்டும். முகாமில் வசிப்பதாக அதிகாரியிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். மூன்று நாள் அலைந்தோம். மூன்று நாளும் அந்த விவசாயி ஐயா கல்லணை வழி பஸ்ஸில் வந்து, மஞ்சப்பையில் என் மார்க் ஷீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எங்களோடு வரிசையில் நின்றார். "இந்தப் புள்ளைக்கு நான் பொறுப்பு" என்று அவர் சொன்ன பிறகுதான் கிளார்க் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

படிக்கவைக்க முன்வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலேஜ் ஃபீஸோடு நிறுத்தாமல், பஸ் காசுக்கும் பரீட்சை ஃபீஸுக்கும் என்ன செய்கிறாய் என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். முகாமில் எங்கள் லைன் வீடுகளில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு நின்றது அந்தச் சில்லறைச் செலவில்தான். ஐயா மாதாமாதம் போன் போட்டுக் கேட்டார்.

2023-இல் குறுவைக்குத் தண்ணீர் பத்தவில்லை. அக்டோபரில் மேட்டூரை மூடியேவிட்டார்கள். அவர் வயலில் பாதி கருகிப்போனது. நான் வாய் திறக்கவில்லை. பதினொரு நாள் தள்ளிப் பணம் வந்தது, கூடவே போனும்: "லேட்டாயிடுச்சும்மா, பரீட்சைக்குக் கட்டுற தேதி போயிடலையே?"

2024-இல் பி.காம் முடித்தேன். குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு எழுத வழியில்லை, அந்த வலி இன்னும் இருக்கிறது. தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். டிகிரி சர்டிபிகேட் வந்த அன்று அண்ணன் தின்னர் ஊற்றிக் கையைத் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் அதைத் தொட்டான்.

இப்போது ஏப்ரல் பிறந்தாலே பிளஸ் டூ எழுதிய முகாம் பிள்ளைகளை, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அந்தக் கடிதத்துக்கு எழுதிக் கொடுக்க வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து படிவங்களை நிரப்புவது அண்ணன்தான். அவன் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.