கொறங்காட்டில் தீ மூட்டிப் பழகுகிறேன்

பிப்ரவரி 8, 2025

தீப்பெட்டி, லைட்டர் எதுவும் இல்லாமல் தீ மூட்டப் பழக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, இன்று இறங்கிவிட்டேன். இடம் காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப்புல் எல்லாம் காய்ந்து கிடக்கிற நேரம் என்பதால் உழுது போட்ட ஒரு மூலையில் சருகைக் கூட்டித் தள்ளி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்த பிறகுதான் கல்லைத் தொட்டேன். கல்லுக்கு என்ன பஞ்சம், வேலியோரமெல்லாம் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). இரும்புக்குப் பழைய அரம். ஸ்டெயின்லெஸ் கத்தி ஆகாது, கார்பன் கூடிய எஃகுதான் நல்ல பொறி விடும்.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) பார்த்துவிட்டு, "இடிக்காதே கண்ணு, கூரான ஓரத்துல சீவற மாதிரி இழுக்கோணும்" என்றார். விஷயமே அதுதான். கல் எஃகை மிகப் பொடியாகச் சீவுகிறது, அந்தச் சீவல்தான் காற்றுப் பட்டு எரிந்துகொண்டே விழுகிறது.

பிப்ரவரி 9

பொறி தாராளமாக வருகிறது, வெறும் பஞ்சில் விழுந்தால் அணைந்துவிடுகிறது. அதற்குக் கரித்துணி, அதாவது காற்றுப் படாமல் கரியாக்கிய துணி, வேண்டும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, மூடியில் ஆணித்துளை போட்ட தகர டப்பாவில் அடைத்து அடுப்புத் தணலில் வைத்தேன். துளையில் புகை நின்றதும் எடுத்துவிட வேண்டும், ஆறும்வரை திறக்கக் கூடாது, சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். பாலியெஸ்டர் கலந்த துணி என்றால் உருகிப் போகும்.

சாயங்காலம் ஒரு பொறி அந்தத் துணியில் விழுந்து கடுகளவு சிவப்பாக ஒட்டிக்கொண்டது, அப்படியே ஓரம் ஓரமாகப் பரவியது. பிய்த்து உதிர்த்த தேங்காய் நாருக்குள் வைத்து ஊத, புகை வெள்ளையாகத் திரண்டு, குப்பென்று பிடித்தது! பொறி உண்டாக்குவதைத்தான் எல்லோரும் வித்தை என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதை வாங்கிக்கொள்ளும் பொருளைத் தயார் செய்வதில்தான் முக்கால்வாசி வேலை.

பிப்ரவரி 16

எஃகும் இல்லாவிட்டால் கடைகிறதுதான் வழி. நீலகிரித் தோடர்கள் சடங்குகளுக்குக் கட்டையைக் கடைந்தே தீ எடுக்கும் வழக்கம் உண்டு. நான் வேலிக் கற்றாழையின் காய்ந்த பூத்தண்டைப் பிளந்து அடிக்கட்டை ஆக்கினேன், கடையும் குச்சியும் அதே தண்டுதான். வில்லின் கயிற்றைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி இழுக்க, குச்சி சுழலும் அடிக்கட்டைக் குழிக்குப் பக்கத்தில் வெட்டிய பிளவில் தூள் சேரும். தூள் வெளிர் பழுப்பாக வந்தால் சூடு போதவில்லை, இன்னும் அழுத்தி வேகமாக இழுக்க வேண்டும், கருமையாக வந்தால் சூடு ஏறுகிறது. கையை எடுத்த பிறகும் தூள் தானாகவே புகைந்தால் கங்கு பிடித்துவிட்டது. உடனே ஊதிவிடாமல் கொஞ்சம் விட்டுவிட வேண்டும், தூள் ஒட்டிக் கட்டியாகட்டும்.

மார்ச் 11

தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தது 2018-இல் இதே நாள். மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். மலைக்குப் போய்ச் செய்து காட்டச் சொல்லும் நண்பர்களுக்கு என் பதில்: மாட்டேன். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், அதுவும் இந்த மாதங்களில் ஒரு கங்கு பறந்தாலே போதும். பழக நம் நிலமே போதும்.

மார்ச் 16

நேற்று நல்ல மழை. வெளியே நனைந்த வெள்வேல விறகைப் பிளந்து பார்த்தால் உள்ளே காய்ந்துதான் இருக்கிறது. அந்த உள்மரத்தை மெல்லிசாகச் சீவி அடியில் கொடுத்தேன், தீ நின்றது. தேங்காய் நாரை மட்டும் நனையாமல் காலையிலிருந்தே சட்டைக்குள் வைத்திருந்தேன். அடுத்தது மழை பெய்யும்போதே மூட்டிப் பார்க்க வேண்டும், ஒரு தகரம் மறைப்புக்கு எடுத்து வைத்தாயிற்று.