ஓணான் வயிற்றுப் புழு: சுருளாமல் எடுக்கும் முறை

நிலாவெளி வீதியில் வாகனத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஓணானில் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் திருகோணமலை வெயிலில் சில மணித்தியாலத்திலேயே குடல் அழுகி, புழுவின் உள்ளுறுப்புகளும் கரைந்துவிடும். உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறைய விடாதீர்கள், புழு சிதைந்துபோகும். எடுக்குமுன் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். கையுறை கட்டாயம், பல்லியினங்களின் குடலில் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்.

நுரையீரல், இரைப்பை, சிறுகுடல், மலக்குடல் நான்கையும் தனித்தனிக் கிண்ணத்தில், உப்புநீரில் திறவுங்கள். லீற்றருக்கு 8.5 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீரில் போட்ட வட்டப்புழு நீரை உறிஞ்சி வெடித்துவிடும்.

எந்த உறுப்பில் கிடைத்தது என்பதே பாதி அடையாளம். ஓணானின் மலக்குடலில் ஸ்ட்ரொங்கிலூரிஸ், இரைப்பையில் பைசலோப்டெரா என்ற வட்டப்புழுக்கள், சிறுகுடலில் ஊகொரிஸ்டிக்கா நாடாப்புழு. வீட்டுப் பல்லியின் நுரையீரலில் நெளியும் ரயிலியெட்டியெல்லா புழுவே அல்ல. இறால், நண்டுக்கு உறவான உயிரி. கரப்பான் தின்ற பல்லிக்கு வருவது.

பலர் கெடுப்பது கொல்லும் இடத்தில்தான். போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் குளிர்ந்தபடி போட்டால் வட்டப்புழு நுளம்புச் சுருள்போலச் சுருண்டு இறுகும். ஆண் புழுவின் வால் உள்ளே மறையும். அந்த வாலில் உள்ள முட்களையும் காம்பு போன்ற சிறு புடைப்புகளையும் பார்க்காமல் இனம் சொல்ல முடியாது. 70% எதனோலைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள்; நேரடி நெருப்பு வேண்டாம், ஆவி பற்றிக்கொள்ளும். புழுவைச் சுற்றியுள்ள உப்புநீரை வடித்து, சூடாக ஊற்றினால் சட்டென்று நேராக நீளும். சேமிக்கும் எதனோலில் 100 மில்லிலீற்றருக்கு 5 மில்லிலீற்றர் கிளிசரின் சேருங்கள். போத்தல் வற்றினாலும் புழு காயாது. டிஎன்ஏ பார்க்கவென்றால் சிலவற்றை 95% எதனோலில் தனியே வையுங்கள், போர்மலின் கூடவே கூடாது.

நாடாப்புழுவை இழுக்காதீர்கள். தலை குடற்சுவரிலேயே அறுந்து நின்றுவிடும், தலை இல்லாத நாடா பெரும்பாலும் வீண். குடற்துண்டோடு வெட்டி, குளிர்ந்த நீரில் அசைவு நிற்கும்வரை தளரவிட்டுப் பிறகு பதப்படுத்துங்கள்.

ஊசிப்புழு வகைகளில் ஆண் மிகச் சிறியது, எளிதில் தவறும். மலக்குடலில் உள்ளதை உயரமான கிளாசில் உப்புநீரோடு கலக்கி, பத்து நிமிடம் படியவிட்டு, மேல்நீரை ஊற்றிவிடுங்கள். தெளியும்வரை திரும்பச் செய்து, அடிமண்டியைக் கறுப்புப் பின்னணியில் நுணுக்குக்காட்டியில் தேடுங்கள்.

இனம், இடம், திகதி, உறுப்பு, எண்ணிக்கை எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எதனோலில் கரைந்துபோகும்.