மூணாவது கீப்பருக்கு என்ன வேலை?

அக்கா மகன் ஒரு புரொஃபஷனல் ஃபுட்பால் டீமில் கோல்கீப்பராகக் கையெழுத்துப் போட்டதிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மேட்ச் ஆடினான்?" இன்னும் ஒன்றும் ஆடவில்லை. பத்தொன்பது வயது, டீமில் மூன்றாவது கீப்பர் என்று அக்கா சொன்னதுமே எதிரில் இருப்பவர் முகத்தில் சுவாரஸ்யம் போய்விடும். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர் ஒருவர், "அப்ப பெஞ்சுல உக்காரத்தான் சம்பளமா?" என்று கேட்டே விட்டார். அக்கா அன்றைக்குப் பந்தியில் உட்காராமலே கிளம்பி வந்துவிட்டாள். அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம சேலம் கிரிக்கெட் ஊர். சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் டென்னிஸ் பந்தில் தொடங்கி ஆஸ்திரேலியா வரை போனதைப் பார்த்த பிறகு, கிரிக்கெட் ஆடும் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று டீக்கடையில் இருப்பவருக்கும் தெரியும். லீக், ரஞ்சி, டி.என்.பி.எல்., ஐ.பி.எல். என்று வரிசையாகச் சொல்வார்கள். ஃபுட்பாலில் கோல் போடுகிறவன் கதையாவது கொஞ்சம் புரியும். கீப்பர் கதை யாருக்கும் தெரியாது, சொல்லவும் ஆளில்லை.

கணக்கு இதுதான். பதினெட்டு வயது ஃபார்வர்டு ஒருவனை 80-வது நிமிடத்தில் இறக்கிப் பார்க்கலாம், சொதப்பினால் அடுத்த வாரம் உட்கார வைக்கலாம், பெரிய நஷ்டம் இல்லை. கீப்பரை அப்படி யாரும் மாற்ற மாட்டார்கள். காயம் பட வேண்டும், அல்லது ரெட் கார்டு வாங்க வேண்டும். ஒரு டீமுக்கு மூன்று கீப்பர் இருந்தாலும் இடம் ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் முப்பது, முப்பத்தைந்து வயதில் ஒருவர் நன்றாக ஆடிக்கொண்டு இருப்பார், ஏனென்றால் கீப்பர்கள் மற்றவர்களைப் போல சீக்கிரம் ஓய்வு பெறுவதில்லை. கீப்பர் டினோ சோஃப் 1982-இல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தபோது அவருக்கு 40 வயது. இன்னொரு இத்தாலி கீப்பர் பஃபோன் 45 வயது வரை ஆடினார். அப்படியென்றால் பின்னால் நிற்கும் பையன் எவ்வளவு காலம் நிற்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்க பையன் போஸ்ட்டுக்குள் போனது எட்டாவது படிக்கும்போது. மற்ற பையன்கள் யாரும் நிற்க மாட்டேன் என்றார்கள், இவன் உயரம், பி.டி. சார் கையைக் காட்டினார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன்கள் ஏன் மாட்டேன் என்றார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சேலத்தில் பள்ளிக்கூட மைதானங்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். நடுவிலாவது ஆங்காங்கே புல் தலை காட்டும். கோல்போஸ்ட் முன்னால் மட்டும் மிதிபட்டு மிதிபட்டு மேல்மண் போய், அடியில் இருக்கிற சரளைக்கல் வெளியே தெரியும். மைதானத்திலேயே கெட்டியான இடம் அதுதான், விழுகிறவன் நிற்கிற இடமும் அதுதான். அவன் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் தோல் உரிந்து, பக்கு கட்டி, அது ஆறுவதற்குள் மறுபடி உரிந்து, ராத்திரி போர்வையில் ஒட்டிக்கொண்டு காலையில் பிய்த்தெடுப்பான். அக்கா தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டே திட்டுவாள்.

டைவ் அடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முழங்கை முதலில் தரையில் படக்கூடாது. கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடை, இடுப்பு, தோள் என்று உடம்பு வரிசையாகத் தரையில் இறங்க வேண்டும், பந்து கையில் இருந்தால் அதையே தரைக்கும் உடம்புக்கும் நடுவில் கொடுக்க வேண்டும். புல்தரையில் கற்றுக்கொள்கிற பையன் இதை விளையாட்டாகவே பழகிவிடுவான். சரளையில் கற்றுக்கொள்கிறவன் உடம்பு பயந்து கடைசி நொடியில் சுருங்கும். அந்தப் பயத்தை உதறவே அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது என்பது என் கணிப்பு.

கிளவுஸ் சமாச்சாரம் இன்னொன்று. கீப்பர் கிளவுஸின் உள்ளங்கையில் இருப்பது லேடெக்ஸ் நுரை. லேசாக ஈரமாக இருந்தால்தான் பந்தைப் பிடிக்கும், காய்ந்துவிட்டால் வழுக்கும். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அதனால் போஸ்ட் ஓரத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு ஷாட்டுக்கு ஒரு தடவை நனைப்பான். சரளையில் கையை ஊன்றினால் அந்த நுரை துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். மேட்ச்சுக்கு என்று ஒரு ஜோடியை நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு, பிராக்டிஸுக்குப் பழைய ஜோடி. அதன் உள்ளங்கையில் சைக்கிள் கடையில் பங்ச்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருப்பான். ஒட்டுப் போட்ட இடத்தில் பந்து பட்டால் வேறு மாதிரி சத்தம் வரும், பார்க்காமலே சரியாகப் பிடித்தானா என்று நான் சொல்லிவிடுவேன்.

லீவில் ஏற்காட்டில் என் நண்பர் ஒருவரின் எஸ்டேட் வீட்டுக்குப் போகும்போது அங்கே இருக்கிற பையன்களோடு ஆடுவான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் 1500 மீட்டர் உயரம், ஈர மண், பந்து சோப்பு போல வழுக்கும். பனிமூட்டம் இறங்கினால் எதிர் கோல்போஸ்ட்டே தெரியாது, பந்தை அடித்த சத்தம் முதலில் வரும், பந்து அப்புறம் வரும். கீழே வறண்ட தரை, மேலே ஈரத் தரை என்று இரண்டிலும் ஆடியது அவனுக்கு நல்லது செய்தது என்று இப்போது அவனுடைய கீப்பர் கோச்சே சொல்கிறாராம். ஈரப் பந்தைப் பிடிக்கப் போகாமல் ஓரமாகத் தட்டிவிடுவது அங்கே வந்த பழக்கம்தான்.

சரி, மூன்றாவது கீப்பருக்கு என்ன வேலை? அவன் போனில் சொல்வதை வைத்துச் சொல்கிறேன். காலையில் மற்ற எல்லோருக்கும் முன்னால் கீப்பர்கள் மட்டும் தனியாக இறங்குவார்கள். கை, கால், குதிப்பு, அப்புறம் பாஸிங். ஆமாம், பாஸிங். 1992-இல் பேக் பாஸ் விதி வந்ததிலிருந்து, தன் டீம் ஆள் காலால் தள்ளிவிடுகிற பந்தைக் கீப்பர் கையால் எடுக்க முடியாது, காலால்தான் ஆட வேண்டும். 2025-இல் இன்னொரு விதி வந்தது. பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். நம்ம பக்கத்துப் பையன்களுக்கு ஓங்கி உதைக்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவன் அங்கே போய் முதல் ஆறு மாதம் பட்ட பாடெல்லாம் கையால் இல்லை, காலால்தான்.

அதற்குப் பிறகு டீம் பிராக்டிஸ். அது முடிந்ததும் முதல் கீப்பர் ஐஸ் வைத்துக்கொள்ளப் போய்விடுவார். ஃபார்வர்டுகள் மட்டும் நின்று ஷாட் அடித்துப் பழக வேண்டும், போஸ்ட்டில் ஒரு ஆள் வேண்டும், அது மூன்றாவது கீப்பர். ஒரு நாளைக்கு எத்தனை பந்து என்று எண்ண முடியாது. மேட்ச்சில் முதல் கீப்பருக்கு நாலைந்து ஷாட் வந்தாலே அதிகம். தேசிய அளவில் ஆடுகிறவர்கள் அடிக்கிற பந்தைத் தினமும் முகத்துக்கு நேரே வாங்குகிறவன் இவன்தான். பெஞ்சில் உட்காரச் சம்பளம் என்று சொன்னவருக்கு இதைத்தான் சொல்ல ஆசை.

ப்ரப்சுகன் சிங் கில் கதையை அக்காவுக்கு நான் அடிக்கடி சொல்வேன். 2017-இல் இந்தியாவில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நடந்ததே, அதில் நம்ம டீமுக்குக் கீப்பர் தீரஜ் சிங். அமெரிக்காவிடம் 3-0, கொலம்பியாவிடம் 2-1, கானாவிடம் 4-0 என்று மூன்று மேட்ச்சும் தோற்றோம், இருந்தாலும் தீரஜ் பெயர் நாடு முழுக்கப் பரவியது. அந்த டீமின் பெஞ்சில் இருந்தவன் கில். அப்புறம் பெங்களூரு எஃப்.சி. போனான், அங்கே முன்னால் நின்றவர் குர்ப்ரீத் சிங் சந்து, அப்போது இந்திய டீமுக்கே அவர்தான் முதல் கீப்பர். அங்கிருந்து கேரளா பிளாஸ்டர்ஸ். 2021-22 ஐ.எஸ்.எல். (நாட்டின் பெரிய ஃபுட்பால் லீக்) சீசன் ஆரம்பத்திலும் அவன் இரண்டாவது ஆள்தான். முதல் கீப்பர் ஆல்பினோ கோம்ஸுக்குக் காயம் பட்டதும் உள்ளே இறங்கினான். அந்த சீசனின் சிறந்த கீப்பருக்கான கோல்டன் கிளவ் விருது அவனுக்கு, டீம் ஃபைனல் வரை போனது. ஃபைனலில் பெனால்டியில் ஐதராபாத் ஜெயித்தது வேறு விஷயம்.

தீரஜ் கதை அதற்கு நேர் எதிர். பதினேழு வயதில் எல்லோரும் தூக்கிக் கொண்டாடிய பையன், ஸ்காட்லாந்தில் மதர்வெல் கிளப்புக்கு ட்ரயலுக்குப் போனான், திரும்பி வந்தான், கேரளா பிளாஸ்டர்ஸ், அப்புறம் கொல்கத்தாவின் ஏ.டி.கே., அங்கே ஆட்டமே சரியாகக் கிடைக்கவில்லை. 2021-இல் எஃப்.சி. கோவாவுக்குப் போன பிறகுதான் வழி திறந்தது. ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீகின் குரூப் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் கோவா, அதில் கத்தாரின் அல் ரய்யானை 0-0 என்று நிறுத்தியபோது போஸ்ட்டில் நின்றது தீரஜ்.

குர்ப்ரீத்தும் அப்படித்தான். 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார். லீக் மேட்ச்சில் இறங்கியது 2016-இல். அந்தக் குளிர் தேசத்தில் இரண்டு வருடம். அந்த நேரத்தில் அவருடைய சொந்தக்காரர்களும் எத்தனை மேட்ச் என்று கேட்டிருப்பார்கள்தானே? 2019 செப்டம்பரில் தோகாவில் ஆசிய சாம்பியன் கத்தாரை இந்தியா 0-0 என்று நிறுத்திய ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பந்து வந்துகொண்டே இருந்தது, குர்ப்ரீத் தடுத்துக்கொண்டே இருந்தார். அந்த 90 நிமிடத்துக்குப் பின்னால் ஸ்டாபெக் பிராக்டிஸ் கிரவுண்ட் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

16 வயதில் ஏ.சி. மிலானுக்கு இறங்கிய டொனாருமாவைக் காட்டி, திறமை இருந்தால் சீக்கிரம் வந்துவிடலாமே என்பார்கள். அது லட்சத்தில் ஒன்று. சீக்கிரம் வந்தவர்களுக்கும் அடி விழும். 20 வயதில் மான்செஸ்டர் யுனைடெட் வந்த டி ஹேயா, 2011-இல் தன் முதல் லீக் மேட்ச்சிலேயே ஷேன் லாங் அடித்த சாதாரண ஷாட்டைக் கைக்கு அடியில் விட்டார். 19 வயதில் ரியல் மாட்ரிட்டுக்காக ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஜெயித்த கசியாஸ், இரண்டே வருடத்தில் அதே டீமின் இன்னொரு கீப்பர் செசாருக்கு இடத்தை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். 2002 ஃபைனலில் செசாருக்குக் காயம், கசியாஸ் இறங்கி கடைசி நிமிடங்களில் எதிரணி லெவர்குசன் அடித்ததையெல்லாம் தடுத்தார். அதற்கப்புறம் அவர் இடத்தை யாரும் அசைக்கவில்லை.

ஆக, இந்த வயதில் ஒரு கீப்பரைப் பார்க்கும்போது நான் கவனிப்பது ஆடிய மேட்ச்சை அல்ல. கோல் வாங்கிய பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதை. போன மாதம் ரிசர்வ் டீமுக்காக ஒரு நட்பு ஆட்டத்தில் நின்றான். ராத்திரி போன் வந்தது.

"மாமா, நியர் போஸ்ட்ல வாங்கிட்டேன்."

கீப்பருக்கு இதைவிட வலிக்கிற கோல் கிடையாது. 7.32 மீட்டர் அகலத்தையும் ஒருவன் முழுதாக மூட முடியாது. அதனால் பாக்ஸின் ஓரத்திலிருந்து ஒருவன் அடிக்க வரும்போது, தனக்குப் பக்கத்தில் இருக்கிற போஸ்ட்டை முதலில் அடைத்துவிட்டு, தூரத்து மூலையை அவனுக்குக் காட்டி, அங்கே பாய்வதுதான் முறை. பக்கத்துப் போஸ்ட்டிலேயே பந்து போனால் நின்ற இடம் தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"எங்கடா நின்ன மாப்ள?" என்றேன்.

"இடம் சரிதான் மாமா. அவன் கிராஸ் போடுவான்னு நெனச்சு ஒரு காலை எடுத்துட்டேன். கால் தரையில இல்லாதப்ப அடிச்சிட்டான். நாளைக்குக் கோச்சுகிட்ட அதை மட்டும் அரை மணி நேரம் கேட்டிருக்கேன்."

அழவில்லை, டிஃபெண்டரைக் குறை சொல்லவில்லை, வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லவில்லை. எந்தக் கால், எந்த நேரம், நாளைக்கு என்ன என்பது மட்டும்தான். எனக்கு அந்த ராத்திரி மனசு நிறைந்து போச்சு. அக்காவிடம் சொன்னேன், அவளுக்குக் கோல் வாங்கினான் என்பதுதான் காதில் விழுந்தது. பரவாயில்லை, அம்மா அப்படித்தான்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாவது கீப்பர் சம்பளம் குடும்பம் நடத்துகிற சம்பளம் இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே தொடங்காமல் நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தின. அதனால் இவனைத் தபால் வழியில் பி.காம். சேர்த்திருக்கிறோம், அதில் அவனுக்கும் வருத்தம் இல்லை.

அடுத்து நம்ம ஊர்க்காரர்களிடம் ஒரு வேலை இருக்கிறது. அவன் படித்த பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு கோல்போஸ்ட் முன்னாலும் சரளையைக் கொத்திவிட்டு, ஒரு அடி ஆழத்துக்குச் சலித்த செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பலாம் என்று நாங்கள் சிலர் பேசி வருகிறோம். பி.டி. சார் சம்மதம் சொல்லிவிட்டார். தினமும் சாயந்திரம் தண்ணீர் தெளிக்க ஹோஸ் பைப்பும் வாட்ச்மேனும் இருக்கிறார்கள். மண் கொண்டுவர டிராக்டர் வைத்திருப்பவர்கள், கொத்த வரக்கூடியவர்கள், மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடியும் என்றால் கீழே எழுதுங்கள். இப்போது அங்கே ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி போஸ்ட்டில் நிற்கிறாள், நன்றாகப் பாய்கிறாள், முழங்காலில் கட்டு போட்டுக்கொண்டு.