கழுவிவிட்ட படகும் கணக்கெடுப்பும்

மிக்ஜாம் புயல் மழை விட்ட மறுநாள், 2023 டிசம்பர் 5. வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. வடிய வடிய, சுவரில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை தெரிந்தது. சேறு என்றுதான் நினைத்தோம். அம்மா துணியால் துடைத்தாள், போகவில்லை. விரலில் எடுத்து மோந்து பார்த்தவள், "டேய், இது கழிவு எண்ணெய்டா" என்றாள்.

வடசென்னையில் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குப்பம் எங்களுடையது. பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் சேர்ந்து கடலுக்குப் போகிற இடம். வெள்ளத்தோடு கால்வாய் வழியாக இறங்கிய எண்ணெய், ஆற்றைப் பிடித்து, முகத்துவாரம் வரைக்கும் பரவிவிட்டது. யார் விட்டது, எப்படி விட்டது என்பதற்குள் நான் போகவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்த விஷயம் அது. நான் எழுத வந்தது, அதற்குப் பிறகு ஒரு படகையும் ஒரு குடும்பத்தையும் நிவாரணக் கணக்கில் ஏற்ற நான் அலைந்த கதை. வீட்டில் ஃபாரம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

எங்களுக்கு எண்ணெய் புதிது இல்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, கரையில் நின்று வாளியால் அள்ளியதை ஊரே பார்த்தது. அப்போது கடல் பக்கம்தான் அடி. இந்தத் தடவை ஆற்றுக்குள். ஆறு வேறு. கடலில் அலை அடித்து எண்ணெய் உடையும், கரை ஒதுங்கும். கழிமுகத்தில் கடல் ஏற்றத்துக்கு உள்ளே வரும், வத்தத்துக்கு வெளியே போகும், மறுபடி வரும். அலையாத்தி வேரில் ஒட்டினது ஒட்டினதுதான். கூழைக்கடா ஒன்று சிறகெல்லாம் கறுத்துப்போய் மேட்டில் பறக்காமல் உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் நகரக்கூட இல்லை.

நைனா செய்த முதல் காரியம் படகைக் கழுவியது. எந்த மீனவனும் அதைத்தான் செய்வான். ஃபைபர் போட்டில் எண்ணெய் காய்ந்து பிடித்தால் அப்புறம் சுரண்டத்தான் வேண்டும். மண்ணெண்ணெய், துணி சோப்புத் தூள், பழைய சாக்கு. இரண்டு நாள் தேய்த்தார். கையில் அரிப்பு எடுத்து, முழங்கை வரைக்கும் சிவந்து போனது. தோலில் ஒட்டினதை எடுக்க மண்ணெண்ணெய் போடக் கூடாது, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துடைத்தால் கழன்று வரும் என்று பக்கத்து வீட்டு ஆயா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் படகு ஏறக்குறைய பழைய நீலத்துக்கு வந்துவிட்டது.

அதுதான் தப்பாகப் போனது.

கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு படகாகப் பார்த்து, பதிவு எண்ணைக் குறித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் படகுக்கு முன்னால் வந்து நின்றவர், "இதுல எண்ணெய் எங்கப்பா?" என்றார்.

"கழுவிட்டேன் சார்."

"கழுவினா எப்படிப்பா எழுதறது? பக்கத்துல இருக்கறதப் பாரு."

பக்கத்துப் படகு கறுப்பாக, சொட்டச் சொட்ட நின்றது. அது சோம்பேறி படகு என்று நைனா நேற்றுவரை கேலி பண்ணிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் செல்போனைத் தேடினேன். கழுவும்போது ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை. சுவர்க் கறையை எடுத்திருந்தேன், கூழைக்கடாவைப் பத்துப் போட்டோ எடுத்திருந்தேன், படகை எடுக்கவில்லை. (இதைப் படிக்கிற கரையோரத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால்: எத்தனை அவசரமானாலும் பதிவு எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் துணியைத் தொடுங்கள். வலையையும் எடுங்கள்.)

நைனா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து, படகின் உள்தளப் பலகையில் இரண்டு திருகைக் கழற்றி, பலகையைத் தூக்கிக் காட்டினார். அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் முழுக்கக் கறுப்பு. பிறகு மோட்டாரைச் சாய்த்து, குளிர்ச்சிக்குத் தண்ணீர் இழுக்கிற சல்லடைத் துளைகளைக் காட்டினார். ஒவ்வொரு துளையிலும் தார் மாதிரி அடைப்பு. வந்தவர் குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எண்ணை எழுதிக்கொண்டார். பலகையை எவ்வளவு கழுவினாலும் அடியைக் கழுவ முடியாது என்று நைனாவுக்குத் தெரிந்திருக்கிறது.

படகு ஒருவழியாக ஏறியது. அடுத்தது ஆதார், ரேஷன் கார்டு, மீனவர் நலவாரிய அட்டை, வங்கிப் புத்தகம். வெள்ளத்தில் நனைந்த ரேஷன் கார்டை இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தினோம். நைனாவின் வங்கிக் கணக்கு ரொம்ப நாளாகப் புழங்காமல் முடங்கியிருந்தது, அதை எழுப்ப இரண்டு நாள் வரிசையில் நின்றேன். இதையெல்லாம் விரித்து எழுத ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்த அலைச்சல்தான்.

டிசம்பர் கடைசியில் அரசு அறிவித்தது: பாதிப்பு அதிகமான மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகு சரிபார்க்க 10,000, பாதிக்கப்பட்ட மற்ற குடும்பங்களுக்கு 7,500. குறை சொல்லவில்லை, அந்த நேரத்துக்கு அது உதவியது. ஆனால் வலையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இறால் வலை, நண்டு வலை இரண்டும் எங்களுக்கு 40,000 ரூபாய்க்கு மேல். வலையைக் கழுவவே முடியாது. கண்ணியில் போட்ட ஒவ்வொரு முடிச்சும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெயிலில் காயவைத்தால் விறைத்துப் போகிறது, தண்ணீரில் போட்டால் மறுபடி கசிகிறது. அந்த வலையில் விழுந்த மீனும் நாறும்.

அத்தையின் கதை இதைவிட மோசம். அவள் படகேறுவதில்லை, கூடையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவள். அவளிடம் எண் எழுதின எதுவும் கிடையாது. பொங்கலுக்குப் பிறகும் வாடிக்கைக்காரர்கள் கூடையை எட்டிப் பார்த்து, "எண்ணூர் மீனா? வேணாம்மா" என்று கதவைச் சாத்தினார்கள். காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்த மீனையும் அப்படித்தான் சொன்னார்கள். "என் மூஞ்சில எண்ணூர்னு எழுதிக்கீதா?" என்று கேட்டுவிட்டுக் கூடையை இறக்கினாள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. சேற்றில் கைவிட முடியாமல் போனதை எந்த போட்டோவில் காட்டுவது?

வலைக்காகவும் அத்தைக்காகவும் ஊர்க் கூட்டத்தில் தனி மனு எழுதினோம். நான்தான் எழுதினேன், ஆறு பக்கம். வாங்கிக்கொண்டவர், "சாட்சி ஏதாவது வெச்சிருங்க தம்பி, நாளைக்குக் கேட்டா காட்டணும்" என்றார்.

அதனால் நண்டு வலையில் ஒரு முழம் வெட்டி, இரண்டு பாலித்தீன் பையில் முடிந்து, மனுவின் நகலோடு பீரோவில் வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. அம்மா புடவை எடுக்க பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாடை வருகிறது. "அதத் தூக்கிப் போடேன்டா" என்பாள். போன வாரம் இன்னொரு பை போட்டு இறுக்கிக் கட்டினேன்.