ட இருக்கும் இடத்தில் ர, ர இருக்கும் இடத்தில் ழ

முதல் அடி பெரும்பாலும் தண்ணீரில்தான் விழும். ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில், கஃபே கவுண்டரில் "வாட்டர்" என்று ட்-ஐ அழுத்தி, ர்-ஐ உருட்டிக் கேட்டால் "ஸாரி?" என்பார்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்டாலும் அதே "ஸாரி?"தான். வரிசையில் பின்னால் நிற்பவர் "வோர" என்பார், டம்ளர் வந்துவிடும். கான்வென்ட் இங்கிலீஷ் ஒரு வாய் தண்ணீருக்கு உதவவில்லை.

அந்த "வோர"வின் நடுவில் இருப்பது 'மரம்' என்பதில் வருகிற நம்முடைய ர. இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே மாட்டிய ட-வை, நாக்கு நுனியால் மேல் ஈறில் ஒரே தட்டு தட்டிவிட்டுப் போகிறார்கள். பெட்டர் 'பெர' ஆகும், சிட்டி 'சிரி' ஆகும். சிரிக்கக் கூடாது.

அப்படியானால் நிஜமான ஆர்? அது நம் ழ-வுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'பழம்' என்னும்போது நாக்கு நுனி எதையும் தொடாமல் பின்னால் வளைகிறதே, அந்த வளைவைக் கொஞ்சம் குறைத்து உதட்டை லேசாகக் குவித்தால் "ரைட்", "ரோட்" சரியாக விழும். தினமும் பத்து முறை 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்' சொல்லிவிட்டு, நாக்கு இறங்குவதற்குள் "ரெட், ரன், ரெயின்" சொல்லிப் பார்க்கலாம். 'வாளப்பளம்' என்று சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்கியவர்கள்தான் பாவம், இங்கேயும் தப்பவில்லை. சொல்லின் கடைசியில் வரும் ஆர் மட்டும் கிடையாது. கார் வெறும் 'கா'. அடுத்த சொல் உயிர் ஒலியில் தொடங்கினால் திரும்பி வரும்: "கார் இஸ்" என்பது 'காழிஸ்'.

அடுத்த வம்பு, மீட் பை என்ற இறைச்சிப் பண்டம். சொல் முதலில் வரும் நம் ப-வில் காற்று வெடிப்பதில்லை. அதனால் தின்கிற பை (pie) அவர்கள் காதில் 'வாங்கு' என்ற பை (buy) ஆகிவிடும். வாய்க்கு இரண்டு அங்குலம் முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். பை, டீ, காஃபி மூன்றுக்கும் அது ஆட வேண்டும். ஸ்பூன், ஸ்டாப் சொல்லும்போது ஆடக் கூடாது.

'டுடே' "டுடை" மாதிரியும் 'நோ' "நோய்" மாதிரியும் கேட்கும். காதுக்குப் பழக்கினால் போதும், வாய்க்கு வேண்டாம். 1965-இல் மிட்செல், டெல்பிரிட்ஜ் என்ற மொழியியலாளர்கள் இங்குள்ள பேச்சை பிராட் (அழுத்தமான உள்ளூர்ப் பேச்சு), ஜெனரல் (பொதுவான பேச்சு), கல்டிவேட்டட் (பிரிட்டிஷ் சாயல் பேச்சு) என்று மூன்றாகப் பிரித்தார்கள். பெரும்பாலானோர் பேசுவது நடுவில் உள்ளது. வந்த புதிதில் பிராட் பேசினால் கிண்டல் செய்வதாகத்தான் நினைப்பார்கள்.

'எப்படி இருக்கிறீர்கள்' என்ற பொருளில் "ஹவ் யா கோயிங்?" என்றால் "பஸ்ஸில்" என்று பதில் சொல்வது ஆறு மாதத்தில் நின்றுவிடும். பழகிவிட்டது என்று தோன்றும். ஆனால் கவுண்டரில் சில்லறையை எண்ணும்போது உதடு தானாக 'ஒண்ணு, ரெண்டு' என்னும். இன்னொரு பக்கம், சாதாரண வாக்கியத்தையும் கேள்விபோல வால் தூக்கி முடிக்கும் இந்த ஊர் ராகம் தமிழில் ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டேன்மா" என்றால் அம்மா அதட்டுவார்: "சாப்ட்டியா இல்லியா, ஒழுங்கா சொல்லு."