ராட்செட் ஸ்க்ரூவில் கறுப்பு பாலிஷ் வந்துவிட்டது

வந்தேவிட்டது. யூனிடாஸ் 6498 என்ற கடிகார இயந்திரத்தில், ஸ்பிரிங்கை முறுக்கும் ராட்செட் சக்கரத்தின் ஸ்க்ரூவை விளக்கடியில் சாய்த்தால் தலை முழுக்க ஒரே நொடியில் கறுக்கிறது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் மொத்தமும் வெள்ளை. நடுவில் சாம்பல் என்ற பேச்சே இல்லை, கறுப்பு பாலிஷ் என்பது இதுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தும், திருப்புளி நுழையும் ஸ்லாட்டின் இரு கரையிலும் ஒரு கீறல் கிடையாது. எழுதுவதை நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேய்ப்பு ஃபிலிம் வரிசையை விளக்கப்போவதில்லை. கண்ணாடி மேல் 30, 12, 9, 3 மைக்ரான், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐசோப்ரோபைலில் கழுவல், எல்லாரும் செய்வதுதான். இவ்வளவு காலம் என்னைப் படுத்தியது ஸ்க்ரூவைப் பிடித்துத் தேய்க்கும் முக்காலிக் கருவியான ட்ரைபாட். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

3 மைக்ரான் வரை தலை அழகாக வரும். கடைசிப் பாலிஷுக்காகப் பொடி பூசிய துத்தநாகத் தட்டுக்கு மாறியதும் ஒரு ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சாம்பல் கீற்று நின்றுவிடும். தேய்க்கத் தேய்க்க அது நகருமே தவிர போகாது. பொடியை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், தட்டையே மாற்றினேன், பிறை அப்படியே நின்றது. கடைசியில் தலையில் மார்க்கர் மை பூசி ஒரே ஒரு இழுப்பு இழுத்து லூப்பில் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தொடக்கத்தில் மை தலை முழுக்கச் சமமாக அழிந்தது. அரை மணி நேரம் தேய்த்த பிறகு அதே சோதனையில் ஒரு பக்கம் மட்டும் அழிகிறது. அதாவது வேலை நடக்க நடக்க ட்ரைபாட் சாய்கிறது!

ட்ரைபாடில் மூன்றாவது கால் நம் ஸ்க்ரூ. மற்ற இரண்டு திருகுக் கால்களும் அதே பொடியின் மேல்தான் ஓடுகின்றன. அவை பதமேற்றாத மெத்தென்ற எஃகு என்றால் அவையும் தேயும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால்களுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே 50 மி.மீ., கால் தேய்ந்தது வெறும் 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. அகலமுள்ள தலையில் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் 3 மைக்ரான் வித்தியாசம் வந்துவிடும். ஒரு மைக்ரான் அளவுப் பொடி அதைச் சரிக்கட்டுமா? ராத்திரி முழுக்கத் தேய்த்தாலும் கட்டாது. இவ்வளவு விலைக்கு விற்கிற கருவிக்குக் கால் நுனியைப் பதமேற்றித் தர ஒரு கடைக்காரருக்கு மனம் வரவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

தீர்வு குப்பை டப்பாவிலேயே இருந்தது. சர்க்யூட் போர்டு துளையிடும் கார்பைடு டிரில்கள் உடைந்தால் தண்டு மிஞ்சும், விட்டம் 3.175 மி.மீ. எம்6 கால்களின் நுனியில் துளையிட்டு அந்தத் தண்டுத் துண்டுகளை எபாக்சியில் பதித்தேன். வைர அரத்தால் முனையை உருட்டி, வைரப் பேஸ்டில் வழவழப்பாக்கினேன். இப்போது மார்க்கர் சோதனை வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி வருகிறது. பிறை திரும்பவே இல்லை.

அதன்பின் டயமண்டைன் என்ற அலுமினாப் பாலிஷ் பொடி தன் வேலையைத் தானே செய்தது. எண்ணெய் குறைத்துக் குழைத்த இட்லிப்பொடி பதம்தான் சரி, அதைவிடத் தளர்ந்தால் விளிம்பு உருண்டுவிடும். துத்தநாகத் தட்டின் முகத்தை அரத்தால் இரண்டு திசையிலும் லேசாகக் கீறிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அழுத்தாமல் எட்டு வடிவில் ஓட்டினால் பேஸ்ட் கறுத்துக் காய ஆரம்பிக்கும், ட்ரைபாட் தட்டைப் பிடித்து இழுப்பது விரலுக்குத் தெரியும். பாலிஷ் விழுவது அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து ஓட்டத்தில்தான். ஃபேனை அணைத்துவிடுங்கள். ஒரு தூசு போதும், திரும்ப 3 மைக்ரானுக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்லாட்டின் சாய்வு வெட்டும் விளிம்பின் சாய்வு வெட்டும் தட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசியில் தட்டையாக்கினால்தான் சாய்வும் தட்டை முகமும் சந்திக்கும் கோடு கத்தி போல் நிற்கும். 1886-ல் தொடங்கிய, கடிகாரங்களுக்கான தர முத்திரையான ஜெனீவா முத்திரையின் விதிகளிலேயே ஸ்க்ரூ தலைக்குப் பாலிஷோ வட்ட வரியோ வேண்டும், விளிம்பும் ஸ்லாட்டும் சாய்வு வெட்டோடு இருக்க வேண்டும் என்று உண்டு. ஸ்லாட் சாய்வுக்கு நான் பயன்படுத்துவது கூராக்கிய பெக்வுட் என்ற மரக் குச்சியும் 1 மைக்ரான் வைரப் பேஸ்டும். சுவிட்சர்லாந்தின் கடிகாரப் பள்ளத்தாக்கான வாலே டி ஜூ பக்கத்துக் கைவினைஞர்கள் காய்ந்த ஜென்ஷன் செடித் தண்டை வைத்துத் தேய்ப்பார்கள். பஞ்சு போன்ற அந்தத் தண்டு பேஸ்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டு வரவழைக்கப் பார்த்தேன், தண்டின் விலையைவிடத் தபால் செலவு அதிகம். யாராவது மொத்தமாக வாங்குவதாக இருந்தால் எனக்கும் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரங்களைத் தாங்கும் தகடுகளான பாலங்களின் ஸ்க்ரூக்கள் இன்னும் 9 மைக்ரானில் நிற்கின்றன. அதற்குள் மனசு ஸ்க்ரூவைச் சூடேற்றி நீலமாக்குவதற்குப் போய்விட்டது. ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஊர் லாங்கே அண்ட் ஸோனே கடிகாரங்களில், மாணிக்கக் கற்களைப் பிடிக்கும் தங்க வளையங்களான சாட்டன்களின் ஓரத்தில் அந்த நீல ஸ்க்ரூக்களைப் பார்த்தவர்களுக்கு ஆசை விடாது. சுவிஸ் கடிகாரக் கலைஞர் ஃபிலிப் டுஃபோரின் சிம்ப்ளிசிட்டி கடிகாரமோ நீலத்தைத் தொடாமல் வெள்ளை எஃகிலேயே ஆளை அசத்துகிறது. என் 6498-ல் ராட்செட் ஸ்க்ரூ கறுப்பு பாலிஷோடு தனியாக நிற்கட்டும், பாலங்களின் ஸ்க்ரூக்கள் மட்டும் நீலம். இதுதான் முடிவு.

மலிவுக் கடிகார இயந்திரங்களில் சாயம் ஏற்றிய நீலம் வருகிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். எல்லாக் கோணத்திலும் ஒரே நிறம், ஸ்லாட்டுக்குள்ளும் பூசிவிட்ட மாதிரி. சூட்டில் வரும் நீலத்தில் சாயமே கிடையாது. கார்பன் எஃகின் மேல் மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்குத் தடிமனில் ஆக்சைடு படர்கிறது, ஒளி அதில் பட்டுத் திரும்பும் விதம்தான் அந்த நிறம். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, 280-ல் ஊதா, 290-க்கும் 300-க்கும் நடுவில் அந்த ஆழ்ந்த நீலம். 320-ஐத் தாண்டினால் வெளிறிச் சாம்பலாகிவிடும், மறுபடி பாலிஷிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊதாவிலிருந்து நீலத்துக்குச் சில நொடிகள்தான். கீழே பாலிஷில் எந்தக் குறை இருந்தாலும் நீலம் அதை எடுத்துக் காட்டிவிடும். அதனால்தான் பாலங்களின் ஸ்க்ரூக்களுக்கும் கார்பைடு கால் ட்ரைபாடிலேயே முழு வரிசையையும் ஓட்டப்போகிறேன்.

ஸ்க்ரூக்களை நிறுத்திச் சூடேற்றப் பித்தளைத் தகட்டில் துளைகள் போட்டாயிற்று. ஸ்க்ரூவின் மரை துளைக்குள் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதில்தான் இப்போது யோசனை. தளர்வாக இருந்தால் தலை ஒரு பக்கமாகச் சூடேறித் திட்டு விழும். 6 மி.மீ. தடிமனுள்ள தகடு, கீழே ஸ்பிரிட் விளக்கு. உங்களில் யாராவது தகட்டுக்குப் பதில் பித்தளைத் துருவல் நிரப்பிச் செய்திருந்தால் துருவலை எவ்வளவு ஆழம் போட்டீர்கள் என்று சொல்லுங்கள், தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் விளக்கைப் பற்றவைப்பேன்.